இலையின் நிறங்களைப் பிரித்த மைக்கேல் சுவெற்

நானுஓயாவைச் சூழ்ந்த மலைச்சாரல்களில் வளர்ந்தோர்க்குப் பச்சை நிறத்தைப் பற்றி எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. கொழுந்தின் பச்சை வேறு, முற்றிய இலையின் பச்சை வேறு என்பதை நாம் சிறுவயதிலேயே அறிவோம். ஆயினும், ஓரிலைக்குள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் பல நிறங்களை வேறுவேறாகப் பிரித்துக் காட்டிய பெரியாரை எம்மிற் சிலரே அறிவர். இவ்விழா மலரில் அன்னாரின் வரலாற்றைக் கூற முற்படுகின்றோம்.

மைக்கேல் சுவெற் 1872ஆம் ஆண்டு மே 14ஆந் திகதி இத்தாலி நாட்டின் ஆஸ்ட்டி நகரிற் பிறந்தார். தந்தையார் உருசியர், தாயார் இத்தாலியர். பிறந்த சில நாட்களுள் தாயை இழந்த குழந்தை சுவிற்சர்லாந்தில் வளர்ந்தது. செனீவாப் பல்கலைக்கழகத்தில் 1896இல் கலாநிதிப் பட்டம் பெற்றுத் தந்தையின் நாட்டுக்குச் சென்றார். அங்கோ, அந்நிய நாட்டுப் பட்டம் செல்லாது என்றனர். கற்றதையே மீண்டும் கற்பார்போல, 1901இல் கசான் நகரில் வேறொரு பட்டம் பெற்ற பின்னரே, அந்நாளில் உருசியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த வார்சோவில் அவருக்கு நிலையான பணி கிடைத்தது.

அவரது சிந்தனையைத் தூண்டியது ஒரு சிறு முரண்பாடு. பெற்றோலியம் ஈதரில் இலையை ஊறவைத்தால் மஞ்சள் நிறமான கரற்றின் எளிதிற் கரைகின்றது, பச்சையமோ வெளிவருவதில்லை. ஆனால், சிறிது மதுசாரஞ் சேர்த்துப் பச்சையத்தை வெளியே எடுத்துவிட்டால், அதே ஈதரில் அது நன்றாகக் கரைகின்றது. ஆகவே, கரையாமை இதற்குக் காரணமன்று. இலையின் இழையம் பச்சையத்தைத் தன்மேற் பற்றிக்கொண்டிருக்கின்றது என்று சுவெற் உணர்ந்தார். பற்றும் வலிமை பொருளுக்குப் பொருள் வேறுபடுமாயின், அவ்வேறுபாட்டைக் கொண்டே பொருள்களைப் பிரிக்கலாமன்றோ?

குறுகிய கண்ணாடிக் குழாயொன்றில் கல்சியங் காபனேற்றுத் தூளை இறுக்கி நிரப்பினார். அதன்மீது இலைச்சாயக் கரைசலை ஊற்றித் தூய திரவத்தைத் தொடர்ந்து பெய்தார். வலிதாய்ப் பற்றப்பட்டவை மேலே தங்கின. மெலிதாய்ப் பற்றப்பட்டவை கீழே நகர்ந்தன. மஞ்சட்பச்சை, நீலப்பச்சை, மஞ்சள் எனப் பட்டைகள் தோன்றின. கரற்றின் எங்குந் தங்காது வழிந்தோடியது. பச்சையம் ஒன்றன்று, இரண்டு என்பதும் இதனாற் புலனாயிற்று. இம்முறையின் அடிப்படையை 1903இல் வார்சோவில் விளக்கினார். 1906இல் செர்மன் தாவரவியற் சங்க வெளியீட்டில் எழுதிய கட்டுரைகளில் குரோமட்டோகிராபி என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் நிறம், எழுத்து எனப் பொருள்படும் சொற்களால் ஆயது அப்பெயர். உருசிய மொழியிற் சுவெற் என்பதற்கும் நிறம் என்றே பொருள். தம் பெயரையே மறைவாய்ப் பொறித்தாரோ என எண்ணத் தோன்றுகின்றது.

இரசாயனவியலார் இதனை வரவேற்றிலர். பளிங்குருவாய்ப் பெருமளவிற் கிடைத்தாலன்றி ஒரு பொருளைத் தூயதென அவர்கள் ஏற்பதில்லை. சுவெற்றின் குழாயிற் கிடைத்ததோ மிகச் சிறிய அளவு. மேலும், அத்தூளே நிறப்பொருளைச் சிதைத்துவிடும் என்று வில்ஸ்ற்றாற்றர் போன்ற பேரறிஞர் ஐயுற்றனர். சுவெற் 1907இல் சங்கத்தார் முன்னிலையிற் குழாய்களைக் கொண்டுசென்று காட்டினார். 1910இல் உருசிய மொழியில் நூலொன்றை வெளியிட்டார். அதனைப் படிக்க வல்லார் மேனாட்டிற் சிலரே. தாவரவியலார் ஒருவரிடம் தாம் கற்க வேண்டியது உண்டென்பதை இரசாயனவியலார் ஏற்க விரும்பவில்லை என்பதே எமது கருத்து.

முதல் உலகப்போர் அவரை ஊர் ஊராக அலைத்தது. 1915இல் வார்சோ செர்மானியர் வசமாயிற்று. மொஸ்கோ, நிசினி நொவ்கொரொட் எனச் சென்று, 1917இல் தார்த்து நகரிற் பேராசிரியரானார். மறுவருடம் அதுவும் வீழ, வொரோனெசு நகருக்குப் பெயர்ந்தார். இருதய நோயால் 1919ஆம் ஆண்டு யூன் 26ஆந் திகதி, 47ஆவது வயதில் அங்கே காலமானார்.

முறையோ மாளவில்லை. 1931இல் ஐடல்பேர்க் நகரிற் கூனும் அவர்தம் துணைவரும் கரற்றினை அம்முறையாலேயே பிரித்தனர். 1941இல் மாற்றினும் சிஞ்சும் சிலிக்காத் தூளில் ஒரு திரவத்தைத் தங்கவிட்டு, அதனூடே மற்றொரு திரவத்தைச் செலுத்திப் பொருள்களைப் பிரித்து, 1952இல் நோபெல் பரிசு பெற்றனர். 1960களின் பிற்பகுதியிலிருந்து மிக நுண்ணிய தூளினூடே பேரமுக்கத்திற் திரவத்தைச் செலுத்தும் கருவிகள் எழுந்தன. பலமணிநேர வேலை சில நிமிடங்களில் முடியலாயிற்று.

நிற்க, இது எம் மலைநாட்டுக்கும் அயலானதன்று. கொழுந்தை உருட்டிப் புளிக்க வைக்கையில் தோன்றுவதும், சாயத்துக்குப் பொன்னொளியும் சுறுசுறுப்பும் தருவதுமான தியாபிளேவினை 1950களில் ராபர்ட்ஸ் என்னும் ஆய்வாளர் ஆராய்ந்தறிந்தது தாளின்மீது செய்யும் நிறப்பகுப்பின் துணைகொண்டே. இன்று தேயிலையிலுள்ள தியாபிளேவினையும் கபேயினையும் அளப்பதற்குத் திரவ நிறப்பகுப்புக் கருவியே பெரிதும் உதவுகின்றது. களைகொல்லி எச்சம் பலவற்றைக் காண்பதும் அதனாலேயே. தனி வரையறை விதிக்கப்படாத மருந்து கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேற்படின் யப்பான் அத்தேயிலையை ஏற்பதில்லை. மலையிற் கொழுந்து பறிப்பவளின் கூலியும், தோட்டத்தின் பெயரும், அக்குழாயினூடே வழியும் சில துளிகளைப் பொறுத்திருக்கின்றன.