துறவியான மகன் தாய்க்குச் செய்த பணிவிடை

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். ஊரில் வயதான தாயும் தகப்பனும் இருக்கிறார்கள்.

பணம் போய்ச் சேருகிறது. ஆனால், தாய் படுத்த படுக்கையாகிவிட்டால் பணம் மட்டும் போதுமா?

கையில் காலணாகூட இல்லாத ஒரு மகன் தன் தாயைக் கடைசிவரை காப்பாற்றினார். அவர்தான் திருவண்ணாமலை ரமண மகரிஷி.

தந்தை இறந்தார்

ரமணரின் இயற்பெயர் வெங்கடராமன். 1879-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி திருச்சுழியில் பிறந்தார். தந்தை சுந்தரம் அய்யர், வக்கீல் தொழில் செய்தவர். தாயார் அழகம்மாள்.

1892-ல் தந்தை திடீரென்று இறந்தார். குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. பெரிய பையன்கள் இருவரும் மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தார்கள். சிறு குழந்தைகளுடன் தாயார் மானாமதுரைக்குப் போனார்.

சொல்லாமல் போன மகன்

1896 ஆகஸ்டு 29. வெங்கடராமனுக்கு வயது 16.

அண்ணனின் கல்லூரிச் சம்பளம் கட்டுவதற்காக 5 ரூபாய் கொடுத்தார்கள். அதில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டார். மீதி 2 ரூபாயைக் கடிதத்துடன் வைத்துவிட்டார். தம்மைத் தேட வேண்டாம் என்று அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தார். ரெயில் ஏறினார். செப்டம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார்.

பெற்ற தாயிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மகன் எங்கே இருக்கிறான், உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் அழகம்மாள் தவித்தார். 2 ஆண்டுகளுக்குப் பிறகுதான் தகவல் கிடைத்தது. 1898 டிசம்பரில் மூத்த மகனை அழைத்துக்கொண்டு திருவண்ணாமலைக்கு ஓடினார்.

பவழக்குன்றில் மகனைக் கண்டார். சடை பிடித்த தலை, வளர்ந்த நகம், அழுக்கு உடம்பு. இடுப்பில் ஒரு கோவணம். தாயார் கதறினார். நாள்தோறும் பலகாரம் கொண்டுவந்து கொடுத்து, வீட்டுக்கு வரும்படி கெஞ்சினார்.

மகன் வாய் திறக்கவில்லை. விதிப்படிதான் எல்லாம் நடக்கும் என்று ஒரு தாளில் எழிதிக் காட்டினார். தாயார் அழுதுகொண்டே ஊர் திரும்பினார்.

காய்ச்சலில் கிடந்த தாய்

பிறகு மூத்த மகனும் 1900-ல் இறந்துபோனார். துயரம் மேல் துயரம். இடையிடையே தாயார் திருவண்ணாமலைக்கு வந்து மகனைப் பார்த்துவிட்டுப் போவார்.

1914-ல் அப்படி வந்தபோது கடும் காய்ச்சலில் விழுந்தார். 2, 3 வாரம் படுத்த படுக்கை. அப்போது ரமணரே பக்கத்தில் இருந்து பணிவிடை செய்தார். தாயைக் காக்கும்படி அருணாசலத்தை வேண்டிப் பாடலும் பாடினார்.

எல்லாம் விதிப்படி நடக்கும் என்று அன்று எழுதிக் காட்டியவர்தான், தாய் நோயில் கிடந்தபோது இறைவனிடம் மன்றாடினார். தாயார் பிழைத்துக்கொண்டார்.

மகனிடமே வந்தார்

1916-ல் அழகம்மாள் மகனோடு தங்கிவிட முடிவுசெய்து வந்தார். ரமணர் அப்போது மலைமேல் விரூபாட்ச குகையில் இருந்தார். அதே ஆண்டு, சற்று மேலே உள்ள கந்தாசிரமத்துக்கு எல்லோரும் குடிபோனார்கள். பிறகு இளைய மகன் நாகசுந்தரமும் அங்கே வந்து சேர்ந்தார்.

அதுவரை அங்கே அடுப்பு எரியவில்லை. பக்தர்கள் கொண்டுவருவதைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். தாயார் வந்த பிறகு சமையல் தொடங்கியது. வயதான காலத்தில் அவருக்கு ஒரு வேலையும் கிடைத்தது, மரியாதையும் கிடைத்தது.

தாய் என்பதற்காகத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. சில சமயம் தாயார் பேசினால் ரமணர் பதில் சொல்லமாட்டார். மற்றப் பெண்களோடு பேசுவார். தாயார் அழுவார். எல்லாப் பெண்களும் தமக்குத் தாயார்தான் என்று ரமணர் சமாதானம் சொல்வார். தாயாரின் மடி ஆசாரத்தைக் கேலி செய்வார். வெங்காயத்தைத் தொட்டால் மோட்சம் போய்விடும் என்று சிரிக்க வைப்பார்.

இரவெல்லாம் விழித்தார்

1920-க்குப் பிறகு தாயாரின் உடல் தளர்ந்தது. அடிக்கடி நோய் வந்தது. அப்போது ரமணர் கேலியும் செய்யவில்லை, ஒதுங்கியும் இருக்கவில்லை. பல இரவுகள் தூங்காமல் தாயாரின் அருகிலேயே உட்கார்ந்திருந்தார். பார்த்துக்கொள்ள எத்தனையோ பக்தர்கள் இருந்தும், தம் கையாலேயே பணிவிடை செய்தார்.

1922 மே 19. தாயாருக்கு மூச்சுத் திணறியது. ரமணர் காலையிலேயே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வலது கையைத் தாயின் மார்பிலும், இடது கையைத் தலையிலும் வைத்தார். சுற்றிலும் இருந்தவர்கள் வேதமும் ராமநாமமும் ஓதினார்கள். பகல் முழுவதும் அந்தக் கைகள் அப்படியே இருந்தன. இரவு 8 மணி அளவில் தாயாரின் உயிர் அமைதியாகப் பிரிந்தது.

சமாதி அருகே மகன்

மறுநாள் மலையடிவாரத்தில் தாயாரைச் சமாதி வைத்தார்கள். ரமணர் கந்தாசிரமத்திலிருந்து அடிக்கடி இறங்கி அங்கே வருவார். அந்த ஆண்டு டிசம்பரில் ஒருநாள் வந்தவர், மலைக்குத் திரும்பவில்லை. தாயின் சமாதி அருகிலேயே தங்கிவிட்டார். அங்கே எழுந்ததுதான் ரமணாசிரமம்.

சமாதியின் மேல் மாத்ருபூதேசுவரர் கோவில் கட்டப்பட்டு, 1949 மார்ச்சில் கும்பாபிஷேகம் நடந்தது. அதைக் கண்ணால் பார்த்த ரமணர், 1950 ஏப்ரல் 14-ல் மறைந்தார்.

வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய் உட்கார எல்லோராலும் முடியாது. மாதா மாதம் பணம் அனுப்புகிறவர்கள் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் மருந்துக்குப் பணம் வேண்டும் என்பதுபோல, நோயில் கிடக்கும் தாய்க்கு ஒரு கையும் வேண்டும். தலையில் வைக்க, தண்ணீர் கொடுக்க, இரவில் கூப்பிட்டால் பிடித்துக்கொள்ள.

16 வயதில் சொல்லாமல் ஓடிப்போன மகனால் அதைக் கொடுக்க முடிந்தது. லீவு போட்டு ஊருக்குப் போகிற பிள்ளையாலும் முடியும்.