கல்வீச்சுக்கு நடுவே ஒரு பள்ளிவாசல்

இங்கிலாந்தில் லிவர்பூல் என்னும் துறைமுகப் பட்டினம் இருக்கிறது. அங்கே புரூம் டெரஸ் என்ற வரிசையில் 8-ம் எண் வீடு. வெளியிலிருந்து பார்த்தால் பழைய மாடி வீடு. உள்ளே சென்றால், வளைவுகளோடு கூடிய அழகான தொழுகைக் கூடம்!

இதை அமைத்தவர் அரபு நாட்டவர் அல்ல. அந்த ஊரிலேயே பிறந்த ஆங்கிலேயர். பெயர் வில்லியம் ஹென்றி குவில்லியம்.

மொராக்கோ பயணம்

குவில்லியம் 1856-ம் ஆண்டு பிறந்தார். தந்தை கடிகாரத் தொழில் செய்தவர். மகன் வக்கீலானார். கோர்ட்டில் நல்ல பெயர் எடுத்தார். குடியை அறவே வெறுத்தவர்.

உடல் நலத்துக்காக மொராக்கோ சென்றார். அங்கே முஸ்லிம்களின் வாழ்க்கை அவர் மனதைக் கவர்ந்தது. 1887-ல் இஸ்லாத்தைத் தழுவினார். அப்துல்லா குவில்லியம் ஆனார்.

விரட்டிய வீட்டுக்காரர்

முதலில் வாடகை இடத்தில் சிறு சங்கம் தொடங்கினார். ஊரார் கல் எறிந்தார்கள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

குவில்லியம் மனம் தளரவில்லை. 1889-ல் புரூம் டெரஸுக்கு வந்தார். அங்கும் கல்வீச்சுதான். தொழுகைக்கு அழைப்பு விடுத்தவர் மீதும் சேறு விழுந்தது.

அவர் என்ன செய்தார், தெரியுமா? கிறிஸ்துமஸ் நாளில் கதவைத் திறந்து வைத்து, ஊர் ஏழைகளுக்குச் சாப்பாடு போட்டார்! மதம் கேட்கவில்லை, பசியைத்தான் பார்த்தார்.

பள்ளிக்கூடம், நூலகம், அச்சுக்கூடம், பத்திரிகை எல்லாம் ஏற்பட்டன. ஆதரவற்ற குழந்தைகளுக்கு மதீனா இல்லம் திறந்தார். கப்பலில் வந்து, அந்நிய மண்ணில் இறந்துபோன முஸ்லிம் மாலுமிகளை முறைப்படி அடக்கம் செய்ததும் அவரே.

துருக்கி சுல்தான் பட்டம் அளித்தார். 1895-ல் வந்த ஆப்கான் இளவரசர் 2,500 பவுன் நன்கொடை தந்தார்.

இருளும் ஒளியும்

ஆனால் வாழ்வில் ஒரு கறையும் விழுந்தது. விவாகரத்து வழக்கு ஒன்றில் அவர் முறைகேடாக நடந்துகொண்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 1908-ல் ஊரை விட்டே போனார். மறு ஆண்டு வக்கீல் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது.

பள்ளிவாசல் கைமாறியது. தொழுகை நின்றது. பிறப்பு, இறப்பு, திருமணம் பதியும் அலுவலகமாக அது மாறிற்று.

பின்னர் இங்கிலாந்து திரும்பிய குவில்லியம், வேறு பெயரோடு வாழ்ந்து, 1932-ல் லண்டனில் காலமானார். தாம் திறந்த கதவு மறுபடி திறந்ததை அவர் பார்க்கவில்லை.

2014-ல் அந்தக் கதவு திறந்தது. பழுது பார்த்த கூடத்தில் மீண்டும் தொழுகை ஒலி கேட்டது. எறிந்த கல்லை ஊர் மறந்துவிட்டது. போட்ட சோற்றை மறக்கவில்லை.