கரித்தாளில் உறங்கிய குரல்

பேசிய சொல் காற்றோடு போகும், எழுதிய சொல்லே நிலைக்கும் என்று உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. அந்தக் காற்றையே எழுத வைக்க முனைந்தவர் பாரிஸ் நகரத்து அச்சுத் தொழிலாளர் ஒருவர். எட்வார்ட் லியோன் ஸ்காட் த மார்த்தன்வில் என்பது அவர் பெயர்.

1817 ஏப்ரல் 25இல் பாரிசில் பிறந்த ஸ்காட், அச்சுக் கோப்பவராகவும் மெய்ப்புத் திருத்துபவராகவும் பணியாற்றினார். கைக்கு வந்த அறிவியல் நூல்களின் மெய்ப்புகளே அவருக்குக் கல்விக்கூடமாயின. சுருக்கெழுத்தில் பேரீடுபாடு கொண்டு, 1849இல் அக்கலையின் வரலாற்றை நூலாக எழுதி வெளியிட்டார். ஆயினும், எத்துணை விரைந்து எழுதினாலும் குரலின் குழைவும் ஏற்ற இறக்கமும் எழுதுகோலில் அகப்படுவதில்லை என்னும் குறை அவர் நெஞ்சில் தங்கியது. உடலியல் நூலொன்றில் செவியின் அமைப்பை விளக்கும் படத்தைக் கண்டபோது வழி புலப்பட்டது. ஒளியைப் பதிக்கக் கண் போன்ற கருவி இருக்குமாயின், ஒலியைப் பதிக்கச் செவி போன்ற கருவி ஏன் கூடாது?

அவர் அமைத்த கருவி எளியது. ஒலியைத் திரட்ட ஒரு கூம்பு. அதன் முடிவில் செவிப்பறை போல ஒரு சவ்வு. சவ்வின் அசைவை ஏற்கும் விறைப்பான ஒரு மயிர். எதிரே, கையால் சுழற்றும் உருளையில் புகைக்கரி பூசிய தாள். பேசினால் மயிர் நடுங்கும். கரியில் வெண்கோடு நெளியும். போனாட்டோகிராப் என்னும் இக்கருவிக்கு 1857 மார்ச் 25இல் காப்புரிமை பெற்றார். தாளிலிருந்து குரலை மீண்டும் ஒலிக்கச் செய்வது அவர் நோக்கமன்று. அந்நெளிவுகளைக் கண்ணால் படித்தறியும் காலம் வரும் என்பதே அவர் கனவு.

கருவி செய்வதில் வல்லவரான ருடால்ப் கோனிக் அதனைச் செம்மைப்படுத்தி ஆய்வுக்கூடங்களுக்கு விற்றார். கண்டுபிடித்தவருக்குச் செல்வம் சேரவில்லை. அச்சுப் படங்களும் ஒளிப்படங்களும் விற்று அவர் வாழ்ந்தார். 1877இல் எடிசன் பதித்த குரலைத் திரும்பப் பேசவும் வைத்தார். உலகம் அவரைக் கொண்டாடியது. குரலை எழுதுவதே உயர்ந்தது என்றும், அதில் முந்தியவர் தாமே என்றும் வழக்காடி, 1878இல் ஸ்காட் ஒரு நூல் வெளியிட்டார். கேட்பார் அரியர். 1879 ஏப்ரல் 26இல், அறுபத்திரண்டு வயது நிறைந்த மறுநாள், அவர் மறைந்தார்.

ஆனால், அச்சகத்தில் வளர்ந்தவர் தாளின் அருமையை அறிந்திருந்தார். கோடுகளைச் சிதையாதபடி நிலைப்படுத்தி, நாளும் குறிப்பும் எழுதி, காப்புரிமை அலுவலகத்திலும் பிரெஞ்சு அறிவியல் கழகத்திலும் ஒப்படைத்திருந்தார். கையால் சுழலும் உருளை ஒரே வேகத்தில் ஓடாது. ஆகவே பிற்காலப் பதிவுகளில் குரற்கோட்டின் அருகே இசைக்கவையின் அதிர்வையும் பதித்திருந்தார். படிக்க ஆளில்லாத அத்தாள்களைக் காப்பகத்தார் கழித்துவிடவில்லை.

2008இல் அமெரிக்க ஒலி வரலாற்றாய்வாளர் சிலர் அத்தாள்களைத் தேடிக் கண்டனர். நுண்மையாகப் படமெடுத்து, லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தாரின் துணையுடன் கணினியில் அக்கோடுகளை ஒலியாக்கினர். 1860 ஏப்ரல் 9ஆம் நாளிட்ட தாளிலிருந்து ஒரு நாட்டுப்பாடலின் சிறு பகுதி எழுந்தது. நிலவொளியில் ஒருவன் நண்பனிடம் எழுதுகோல் இரவல் கேட்கும் பாடல் அது! முதலில் அது ஒரு சிறுமியின் குரல் எனக் கருதப்பட்டது. இசைக்கவையின் அதிர்வெண்ணை இரு மடங்காகக் கொண்ட பிழை 2009இல் திருத்தப்பட்டதும், மெல்லப் பாடும் ஓர் ஆடவர் குரலாயிற்று. பாடியவர் பெரும்பாலும் ஸ்காட்டே என்பர். 2015இல் யுனெஸ்கோ அவருடைய பதிவுகளை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

எந்த முள்ளும் அத்தாளைத் தொடவில்லை. ஒளியே அதனைப் படித்தது. எழுதிய குரல் கண்ணால் படிக்கப்பட வேண்டும் என்ற ஸ்காட்டின் விருப்பம், நூற்று நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, அவர் எண்ணிப் பாராத வகையில் நிறைவேறியது. எழுதுவோர் கடமை, தெளிவாக எழுதி, நாளிட்டு, நம்பிக்கையோடு ஒப்படைப்பது. பொருள் விளங்காத ஏட்டையும் பேணி வைப்பது காப்போர் கடமை. இவ்விரண்டும் கூடியதால் ஒரு குரல் பிழைத்தது.