பாராசாரியை அடக்கிய தேசிங்கு ராஜன்

குழந்தைகளே, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆலங்குளம் பக்கத்துக் கிராமங்களில் இருப்பவர்களுக்கு ஐயனார் கோயில் குதிரையை அறிமுகப்படுத்த வேண்டியதே இல்லை. ஊர் எல்லையில், மரத்தடியில், காதுகளை விறைத்துக்கொண்டு கம்பீரமாக நிற்கும் மண் குதிரையைப் பார்த்திருப்பீர்கள். அதன் முதுகில் ஏறி உட்கார்ந்து பார்க்க ஆசைப்படாத பிள்ளை உண்டா?

மண் குதிரை சும்மா நிற்கும். உயிருள்ள குதிரை அப்படி நிற்காது. பிடிக்காதவர் ஏறினால் உதறும், எகிறும், முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு எழும். அப்படி யாரையும் ஏறவிடாத ஒரு குதிரையை அடக்கியதாலேயே முந்நூறு ஆண்டுகளாக நம் மக்கள் மறக்காமல் பாடிக்கொண்டிருக்கும் ஓர் இளைஞனின் கதையை இந்த வாரம் தெரிந்துகொள்வோமா? அவன்தான் செஞ்சிக் கோட்டையை ஆண்ட தேசிங்கு ராஜன்.

மூன்று மலைக் கோட்டை

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் வழியில் இருக்கிறது செஞ்சி. இது விழுப்புரம் மாவட்டத்து ஊர். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் ஒரே கோட்டையாக இணைத்து மதில் எழுப்பியிருக்கிறார்கள். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். மதிலின் சுற்றளவு ஏறக்குறைய 13 கிலோமீட்டர்!

இந்தக் கோட்டைக்காகப் பலர் சண்டை போட்டார்கள். நாயக்கர்களிடமிருந்து பீஜப்பூர் சுல்தானுக்குப் போனது. 1677-ல் சத்ரபதி சிவாஜி பிடித்தார். பிறகு முகலாயப் படை சுமார் எட்டு ஆண்டுகள் முற்றுகையிட்டு, 1698-ல் கைப்பற்றியது. அதன்பின் 1700-ம் ஆண்டு வாக்கில், கோட்டையைப் பாதுகாக்கும் பொறுப்பை முகலாயச் சக்கரவர்த்தி அவுரங்கசீப் ஒரு படைத்தலைவரிடம் ஒப்படைத்தார். அவர் பெயர் சொரூப்சிங். வடக்கே புந்தேல்கண்ட் பகுதியைச் சேர்ந்த ராஜபுத்திர வீரர். அவருடைய மகன் தேஜ்சிங். அந்தப் பெயர் நம் ஊர் மக்கள் வாயில் தேசிங்கு என்று ஆகிவிட்டது.

தந்தையைச் சிறைக்கு அனுப்பிய குதிரை

இனி வருவது மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் கதைப்பாடல் சொல்லும் செய்தி. இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு கற்பனை என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனாலும் சுவையான கதை, கேளுங்கள்.

டில்லிச் சக்கரவர்த்தியிடம் ஒரு முரட்டுக் குதிரை வந்து சேர்ந்தது. அழகில் அதற்கு இணை இல்லை. ஆனால் யாரையும் முதுகில் ஏற்றாது. எத்தனையோ வீரர்கள் முயன்று தரையில் விழுந்தார்கள். சக்கரவர்த்தி தமக்குக் கீழிருந்த தலைவர்களை எல்லாம் வரவழைத்தார். செஞ்சியிலிருந்து சொரூப்சிங்கும் போனார். அவராலும் அதை அடக்க முடியவில்லை. சக்கரவர்த்திக்குக் கோபம் வந்தது. சொரூப்சிங் சிறையில் அடைக்கப்பட்டார்.

செய்தி செஞ்சிக்கு வந்தது. இளைஞனான தேசிங்கு, தந்தையை மீட்கத் தானே டில்லிக்குப் புறப்பட்டான். அனுபவமுள்ள படைத்தலைவரான அப்பாவாலேயே முடியாத காரியம். ஏறி விழுந்தால் கை கால் முறியும். தோற்றால் தந்தையோடு அவனும் சிறைக்குப் போக நேரும். அவனுக்கு அது முதல் பெரிய சோதனை. அதுவும் அரசவையே கூடியிருந்து பார்க்கும் சோதனை!

தேசிங்கு குதிரை மேல் ஏறினான். அது எகிறியது, துள்ளியது, வெறிகொண்டு ஓடியது. அவன் பிடியை விடவில்லை. கடைசியில் குதிரைதான் அடங்கியது. தந்தைக்கு விடுதலை கிடைத்தது. அந்தக் குதிரையும் தேசிங்குக்கே பரிசாகக் கிடைத்தது. அதுதான் பாராசாரி.

குதிரையை எப்படி அடக்குவது?

வெறும் உடல் வலிமையால் குதிரையை அடக்க முடியுமா? யோசித்துப் பாருங்கள். ஒரு குதிரையின் எடை 400 முதல் 500 கிலோ வரை இருக்கும். எந்தப் பயில்வானாலும் அதை இழுத்துப் பிடிக்க முடியாது. அதைப் புரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

குதிரை இயல்பில் பயந்த பிராணி. சிங்கத்துக்கும் ஓநாய்க்கும் இரையாகாமல் ஓடியே பிழைத்த இனம் அது. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்டச் சுற்றிலும் உள்ளதைப் பார்க்கும். ஆனால் நேர் பின்னால் நிற்பவரையும், நெற்றிக்கு நேர் முன்னால் ஒட்டி நிற்பவரையும் பார்க்காது. பின்னால் போனால் உதைப்பது இதனால்தான். பழகியவர்கள் தோள்பட்டைப் பக்கமாக, மெல்லப் பேசிக்கொண்டே நெருங்குவார்கள்.

அதன் மனத்தைக் காதுகள் காட்டிக் கொடுத்துவிடும். காது முன்னே நிமிர்ந்தால் எதையோ கவனிக்கிறது. தலையோடு ஒட்டிப் பின்னே மடிந்தால் கோபம். ஏறியவர் பயந்து உடலை இறுக்கினால் அது குதிரைக்கு உடனே தெரிந்துவிடும். அதுவும் பயப்படும். ஏறியவர் நிதானமாக இருந்தால் அதுவும் நிதானமாகும்.

கிரேக்க நாட்டு அலெக்சாண்டர் சிறுவனாக இருந்தபோது செய்ததும் இதுதான். ப்யூசிஃபலஸ் என்ற முரட்டுக் குதிரையைப் பெரியவர்களால் அடக்க முடியவில்லை. அது தன் நிழலைக் கண்டே மிரள்கிறது என்பதை அலெக்சாண்டர் கவனித்தார். அதைச் சூரியனைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார். நிழல் பின்னால் போனது, மிரட்சியும் போனது. அவர் ஏறி ஓட்டினார் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. பாராசாரியின் கதையைக் கேட்கும்போது உங்களுக்கும் அலெக்சாண்டர் நினைவு வருகிறது அல்லவா?

குதிரைக்கும் வீரனுக்கும் உறவு ஒரே நாளில் வந்துவிடாது. லாயத்தில் கொள்ளும் புல்லும் வைக்க வேண்டும். உடம்பைத் தேய்த்துவிட வேண்டும். குளம்பில் கல் சிக்கியிருக்கிறதா, லாடம் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சேணம் உரசி முதுகு புண்ணாகிவிடக் கூடாது. கடிவாளத்தை வெடுக்கென்று இழுத்தால் வாய் வலிக்கும். இதையெல்லாம் நாள் தவறாமல் கவனிப்பவரைத்தான் குதிரை நம்பும். செஞ்சிக் கோட்டைக்குப் போனால், வரிசையாகக் கட்டப்பட்ட பழைய குதிரை லாயங்களை இன்றும் பார்க்கலாம்.

இணைபிரியாத நண்பன்

தேசிங்குக்கு உயிர் நண்பன் ஒருவன் இருந்தான். பெயர் முகமதுகான். ஒருவர் இந்து, மற்றவர் முஸ்லிம். அந்த வேறுபாடு அவர்களுடைய நட்புக்குத் தடையாக இருக்கவில்லை. முகமதுகானின் குதிரைக்குப் பெயர் நீலவேணி. பாராசாரியும் நீலவேணியும் சேர்ந்து ஓடுவதை வர்ணிப்பதில் பாடகர்களுக்குத் தனி உற்சாகம்.

ஆற்காட்டிலிருந்து வந்த ஆபத்து

1714-ல் சொரூப்சிங் இறந்தார். தேசிங்கு செஞ்சியின் தலைவன் ஆனான். அப்போது ஆற்காட்டு நவாபாக இருந்தவர் சாதத்துல்லாகான். செஞ்சி பல ஆண்டுகளாகக் கப்பம் கட்டவில்லை, பெரும் தொகை பாக்கி இருக்கிறது என்றார் அவர். தன் தந்தைக்குச் சக்கரவர்த்தியே நேரடியாகக் கொடுத்த கோட்டை இது, நவாபுக்குக் கப்பம் கட்ட வேண்டியதில்லை என்றான் தேசிங்கு. பேச்சு முற்றியது. நவாபின் படை செஞ்சியை நோக்கிக் கிளம்பியது.

நவாபிடம் இருந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். தேசிங்கிடம் இருந்தவர்கள் சில நூறு பேர் மட்டுமே. இருந்தாலும் மூன்று மலையும் மதிலும் அவன் பக்கம் இருந்தன. அந்த மதில்தான் முன்பு முகலாயப் படையையே எட்டு ஆண்டுகள் காக்க வைத்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

முகமதுகானுக்கு அப்போது திருமணம் நடந்துகொண்டிருந்ததாம். நண்பனிடமிருந்து ஓலை வந்ததும், மணக்கோலத்தைக் கலைத்துவிட்டு நீலவேணி மேல் ஏறிப் புறப்பட்டான் என்று பாடல் சொல்கிறது.

போருக்குக் கிளம்பும் முன் தேசிங்கு, செஞ்சியை அடுத்த சிங்கவரத்தில் பள்ளிகொண்டிருக்கும் ரங்கநாதரை வணங்கினான். போக வேண்டாம் என்று உணர்த்துவதற்காகப் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது அந்த ஊர் மக்களின் நம்பிக்கை. பாறையைக் குடைந்து செய்த அந்தப் பல்லவர் காலக் கோயிலுக்குப் போகிறவர்கள், சிலையின் முகத்தைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லாமல் இருப்பதில்லை.

வெள்ளத்தில் இறங்கிய வீரன்

வழியில் ஆறு குறுக்கிட்டது. மழைக்காலம். வெள்ளம் கரைபுரண்டு ஓடியது. வெள்ளம் வடியட்டும், காத்திருக்கலாம் என்று உடனிருந்தவர்கள் தடுத்ததாகச் சொல்லப்படுகிறது. தேசிங்கு கேட்கவில்லை. பாராசாரியோடு வெள்ளத்தில் இறங்கினான். மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கக் கூடாது என்பது பழமொழி. அவன் இறங்கியது உயிர்க் குதிரையை நம்பி. பாராசாரி அவனைக் கரை சேர்த்தது. ஆனால் படையில் எல்லோராலும் அப்படிக் கடக்க முடியவில்லை. பலர் அக்கரையிலேயே நின்றுவிட்டார்கள்.

செஞ்சிக்கு அருகே கடலி, தேவனூர் பக்கத்தில் போர் நடந்தது. அது 1714-ம் ஆண்டு அக்டோபர் 3-ம் நாள். முகமதுகான் களத்தில் வீழ்ந்தான். பாராசாரியும் வெட்டுப்பட்டுச் சாய்ந்தது. நண்பனும் குதிரையும் போன பிறகும் போரிட்ட தேசிங்கு கடைசியில் உயிர் நீத்தான். அப்போது அவனுக்கு 22 வயதுதான் என்கிறார்கள். அவன் செஞ்சியை ஆண்ட காலம் ஓர் ஆண்டுகூட இல்லை.

தேசிங்கின் வீரத்தைக் கண்டு நவாபே வருந்தினாராம். உரிய மரியாதையோடு அவனுடைய உடல் கோட்டைக்கு அருகில் உள்ள செட்டிக்குளக் கரையில் எரியூட்டப்பட்டது. இளம் ராணியும் அந்தக் கால வழக்கப்படி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாப் ஏற்படுத்திய ஊர்தான் ராணிப்பேட்டை என்பது வழிவழியாக வரும் செய்தி. எத்தனையோ பெண்களின் உயிரைப் பறித்த அந்தக் கொடிய வழக்கம், 1829-ல்தான் சட்டம் போட்டுத் தடுக்கப்பட்டது. செஞ்சிக்குப் பக்கத்தில் நீலாம்பூண்டி என்ற ஊரில் முகமதுகானின் கல்லறையும் குதிரையின் சமாதியும் இருக்கின்றன.

போர்க்களத்திலிருந்து விளையாட்டு மைதானத்துக்கு

இன்று குதிரைப்படைப் போர்கள் இல்லை. ஆனால் அந்தப் பயிற்சி ஒரு விளையாட்டாக வாழ்கிறது. அதற்கு ஈவென்டிங் என்று பெயர். ராணுவக் குதிரைகளைச் சோதிக்கும் தேர்விலிருந்து பிறந்த இந்தப் போட்டி, 1912-ம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது.

இதில் மூன்று கட்டங்கள் உண்டு. முதலில், வீரர் சொல்லாமல் சொல்லும் குறிப்பை உணர்ந்து குதிரை அழகாக அடி வைக்க வேண்டும். அடுத்து, திறந்தவெளியில் மரத்துண்டு, பள்ளம், தண்ணீர் எல்லாவற்றையும் தாண்டி வேகமாக ஓட வேண்டும். கடைசியாக, மைதானத்தில் வைத்த தடைக் கம்பங்களைத் தட்டிவிடாமல் தாண்ட வேண்டும். கீழ்ப்படிதல், துணிச்சல், நிதானம் மூன்றும் வேண்டும். ஒன்றில் மட்டும் கெட்டிக்காரராக இருந்தால் போதாது!

புதிதாகப் போட்டிக்குப் போகிறவர்கள் தாழ்ந்த தடைகளில்தான் தொடங்குவார்கள். ஓடும் பாதையை முதலில் தங்கள் காலால் நடந்து பார்ப்பார்கள். எங்கே சரிவு, எங்கே வழுக்கல், எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று மனத்தில் குறித்துக்கொள்வார்கள். தலைக்கவசம் இல்லாமல் யாரையும் ஏறவிட மாட்டார்கள். குதிரை நொண்டினால் எவ்வளவு பெரிய போட்டியானாலும் விலகிக்கொள்ள வேண்டும்.

1982-ல் டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ரகுபீர்சிங் இதில் தனிநபர் தங்கம் வென்றார். இந்திய அணிக்கும் தங்கம் கிடைத்தது. 36 ஆண்டுகள் கழித்து 2018-ல், ஜகார்த்தா ஆசியப் போட்டியில் பவாத் மிர்சா தனிநபர் வெள்ளி வென்றார். டில்லி மன்னர் முன்னால் தேசிங்கு வென்றதாகப் பாடுகிறோமே, அதே டில்லியில்தான் ரகுபீர்சிங்கும் வென்றார்!

நாம் கற்க வேண்டியது

குழந்தைகளே, தேசிங்கின் வாழ்க்கையில் நமக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. பெரியவர்களே தோற்ற இடத்திலும் பயப்படாமல் முயன்றான். அது முதல் பாடம். அவனுடைய துணிச்சலை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

குதிரையிடம் காட்டிய நிதானத்தை அவன் ஆற்றங்கரையில் காட்டியிருந்தால்? வெள்ளம் வடியும்வரை காத்திருந்தால்? மதிலுக்குள் இருந்தே போரிட்டிருந்தால்? இது இரண்டாவது பாடம். துணிச்சலோடு பொறுமையும் சேர வேண்டும். பரீட்சையானாலும் பந்தயமானாலும், இறங்குவதற்கு முன் ஆழம் பார்த்துக்கொள்ளுங்கள்.

செஞ்சிக் கோட்டை 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் இடம்பெற்றது. மராத்தியர்களின் ராணுவக் கோட்டைகள் என்று தேர்வான பன்னிரண்டில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். அடுத்த விடுமுறையில் அப்பா அம்மாவோடு போய் வாருங்கள். வெயில் ஏறும் முன் ராஜகிரி மேல் ஏறிவிடுங்கள். கையில் தண்ணீர் பாட்டில் கட்டாயம் வேண்டும். கோட்டையைப் பார்த்து முடித்ததும் செட்டிக்குளத்தையும் பார்த்துவிட்டு வர மறந்துவிடாதீர்கள்!