டி.எஸ்.பாலையா: இரண்டு படம், ஒரே பணக்கார அப்பா... ரிப்பீட் ரோலா, தனித்தனி ஆளா?

பழைய தமிழ்ப் படங்களை விடாமல் பார்க்கும் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பஞ்சாயத்து எப்படியும் வந்துவிடும். ‘காதலிக்க நேரமில்லை’ விஸ்வநாதனும், ‘ஊட்டி வரை உறவு’ வேதாசலமும் ஒரே அப்பாதானே? இரண்டு படத்துக்கும் இயக்குநர் ஸ்ரீதர். இரண்டுமே கலர் படம், காமெடி படம். இரண்டிலும் பெரிய வீடு, நிறைய பணம், காதலிக்கிற பிள்ளைகள், நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிற ஒரு தகப்பனார். அந்தத் தகப்பனாராக நடித்தவர் டி.எஸ்.பாலையா.

ஸ்ரீதர் ஹிட்டான கேரக்டரை அப்படியே திரும்ப வைத்துவிட்டார், பாலையாவும் அதையே செய்துவிட்டுப் போய்விட்டார் என்பது ஒரு கட்சி. முகம்தான் ஒன்று, ஆள் வேறு என்பது இன்னொரு கட்சி. எந்தக் கட்சி சரி என்று பார்க்க, பாலையா அப்பா ஆவதற்கு முன்னால் யாராக இருந்தார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் வில்லன்

பாலையா 1914-ல் நெல்லைச் சீமையில் சுண்டங்கோட்டையில் பிறந்தவர். சின்ன வயதிலேயே நாடகக் கம்பெனிக்குப் போய்விட்டார். அந்தக் காலத்து நாடக மேடையில் மைக் கிடையாது, க்ளோசப் கிடையாது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் குரல் போய்ச் சேர வேண்டும், உடம்பு பேச வேண்டும். இந்தப் பயிற்சி அவருக்குக் கடைசி வரை கைகொடுத்தது.

சினிமாவில் முதல் படம் 1936-ல் வந்த ‘சதி லீலாவதி’. இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர்.டங்கன். எம்.ஜி.ஆர்., என்.எஸ்.கிருஷ்ணன் இருவருக்கும் அதுதான் முதல் படம். அதில் எம்.ஜி.ஆருக்குச் சின்ன இன்ஸ்பெக்டர் வேடம். பாலையாவுக்கோ முக்கியமான வில்லன் வேடம். அடுத்த ஆண்டே ‘அம்பிகாபதி’யில் எம்.கே.தியாகராஜ பாகவதருக்கு எதிராகத் தளபதி ருத்ரசேனன். அதன் பிறகு பல ஆண்டுகள் பாலையா என்றால் வில்லன்தான்.

அதற்காக ஒரே மாதிரி வில்லனாகவே ஓட்டிக்கொண்டிருந்தார் என்று நினைக்க வேண்டாம். அண்ணா கதை எழுதிய ‘வேலைக்காரி’யில் (1949) அவர் ஹீரோவுக்கு மூளையாக இருக்கிற நண்பன் மணி. ‘தூக்குத் தூக்கி’யில் (1954) உடைந்த தமிழ் பேசும் வடநாட்டு சேட். ‘பாகப்பிரிவினை’யில் (1959) வீட்டைப் பிளக்கிறவர்களின் பேச்சில் மயங்கிவிடுகிற பெரிய அண்ணன். அந்தப் பெரிய அண்ணனைக் கொஞ்சம் கவனியுங்கள். மற்றவர்களை ஆட்டிவைத்த வில்லன், மற்றவர்களால் ஆட்டிவைக்கப்படுகிற குடும்பத் தலைவராக மாறுவது அங்கே நன்றாகத் தெரியும்.

அப்போதைய அப்பாக்கள் எப்படி இருந்தார்கள்?

அந்தக் காலத்துத் தமிழ் சினிமாவில் அப்பா என்றால் பெரும்பாலும் மரியாதைக்குரிய ஆள். வி.நாகையா வந்தால் கருணை. எஸ்.வி.ரங்காராவ் வந்தால் கம்பீரம், அந்தக் கம்பீரத்துக்குள் பாசம். இவர்களைப் பார்த்து ஆடியன்ஸ் கண் கலங்கலாம், சிரிப்பது கஷ்டம்.

பாலையாவின் அப்பா வேறு ரகம். அவருக்கு ஆசை உண்டு, பயம் உண்டு, கொஞ்சம் அல்பத்தனமும் உண்டு. சத்தம் போட்டு வீட்டை நடுங்க வைப்பார். அடுத்த நிமிஷமே அவர் நடுங்குவார். அந்தச் சத்தத்தில் பழைய வில்லனின் மிடுக்கு மிச்சம் இருந்ததால்தான், நடுக்கம் வரும்போது சிரிப்பு அவ்வளவு பெரிதாக வந்தது. ஆரம்பத்திலிருந்தே அசடாக இருக்கிற ஒருவர் பயந்தால் அது பெரிய விஷயமில்லை. ஊரையே மிரட்டியவர் பயந்தால்தான் காமெடி.

விஸ்வநாதன்: ஆசைப்படும் அப்பா

1964 பிப்ரவரியில் ‘காதலிக்க நேரமில்லை’ வந்தபோது பாலையாவுக்கு 49 வயது. மகன் செல்லப்பாவாக நடித்த நாகேஷுக்கு 30. விஸ்வநாதன் சின்னமலை எஸ்டேட் முதலாளி. தன்னிடம் வேலை பார்த்த அசோக்கைத் துரத்திவிடுகிறார். அதே அசோக் கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளை என்று நம்பவைக்கப்பட்டதும் அப்படியே தலைகீழாக மாறி, விழுந்து விழுந்து உபசரிக்கிறார்.

அவரை யாரும் பெரிதாக ஏமாற்றவில்லை. பணக்கார சம்பந்தம் வேண்டும் என்ற அவருடைய ஆசைதான் ஏமாற்றுகிறது. எதிரில் நிற்பது ஒட்டுத் தாடி வைத்த போலி அப்பா என்று கண்டுபிடிக்க முடியாதபடி கண்ணை மறைப்பது அந்த ஆசைதான்.

அந்தப் பேய்க்கதை சீன் இன்னும் மொபைலில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நாகேஷ் தன் படத்தின் கதையைச் சொல்கிறார், பாலையா கேட்கிறார். அவ்வளவுதான் சீன். நாகேஷ் கையும் காலும் குரலுமாக அமர்க்களம் பண்ணுகிறார். ஆனால் பாலையாவின் முகத்தை மறைத்துவிட்டு அந்தக் கதையைக் கேட்டுப் பாருங்கள், பாதி பயம் காணாமல் போய்விடும். நமக்குப் பயம் வருவது கதையிலிருந்து அல்ல, அதைக் கேட்கிறவரின் முகத்திலிருந்து.

இந்தப் படத்தை ஸ்ரீதரே 1966-ல் ‘ப்யார் கியே ஜா’ என்று இந்தியில் எடுத்தார். பாலையா வேடத்தில் ஓம் பிரகாஷ், நாகேஷ் வேடத்தில் மெஹ்மூத். சிறந்த காமெடி நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருது மெஹ்மூதுக்குப் போனது. கதை சொல்கிறவருக்குக் கிடைக்கிற பெயர் கேட்கிறவருக்குக் கிடைப்பதில்லை. பாலையாவை ரிப்பீட் நடிகர் என்று சொல்லிவிட்டுப் போவதும் இதே கணக்குதான்.

வேதாசலம்: பயப்படும் அப்பா

‘ஊட்டி வரை உறவு’ 1967 நவம்பர் 1 தீபாவளி ரிலீஸ். அதே நாளில் சிவாஜியின் ‘இரு மலர்கள்’ படமும் வந்தது. இதில் பாலையா, சிவாஜிக்கே அப்பா. நிஜத்தில் இருவருக்கும் 14 வயதுதான் வித்தியாசம்.

வேதாசலத்துக்குப் பணத்தின் மேல் புதிதாக ஆசை எதுவும் இல்லை. அவருக்கு இருப்பது ஒரு பழைய ரகசியம். அவருடைய மகள் என்று சொல்லிக்கொண்டு கே.ஆர்.விஜயா வந்து நிற்கும்போது, ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. விஸ்வநாதன் கிடைக்கப்போகிற ஒன்றை நோக்கி ஓடுகிறவர். வேதாசலம் வெளியே வந்துவிடுமோ என்கிற ஒன்றிடமிருந்து ஓடுகிறவர்.

இரண்டு பேரின் உடம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விஸ்வநாதன் முன்னால் சாய்ந்து, கை விரித்து, வா வா என்று கூப்பிடும் ஆள். வேதாசலம் பேசும் முன் சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்ளும் ஆள்.

அதே 1967 பிப்ரவரியில் கே.பாலசந்தரின் ‘பாமா விஜயம்’ வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்கு ஒரு சினிமா நடிகை வந்ததும் ஆடம்பரத்தில் விழுந்த மூன்று மகன்களுக்கும் மருமகள்களுக்கும் பாடம் நடத்துகிற அப்பா அதில் பாலையா. அங்கே ஏமாறுவது பிள்ளைகள், நாடகத்தை நடத்துவது அப்பா. ஒரே ஆண்டில் இப்படி நேரெதிரான இரண்டு அப்பாக்கள். இந்தியில் அந்த வேடத்தைச் செய்தவர் யார் தெரியுமா? ராஜ் கபூரின் தந்தை பிருத்விராஜ் கபூர்.

டெல்டாக்காரராக மாறிய நெல்லைக்காரர்

கேட்பதை வைத்தே நடிக்கிற இந்த வித்தை அப்பா வேடங்களோடு நிற்கவில்லை. ‘திருவிளையாடல்’ (1965) ஹேமநாத பாகவதரை நினைத்துப் பாருங்கள். பாலமுரளிகிருஷ்ணாவின் குரலில் சபையையே அலட்சியமாகப் பார்த்துப் பாடியவர், ராத்திரி ஒரு விறகுவெட்டியின் பாட்டைக் கேட்டதும் உடைந்துபோய் ஊரைவிட்டே கிளம்புகிறார்.

1968-ல் ‘தில்லானா மோகனாம்பாள்’. காரைக்கால் பகுதியில் போலகம் பக்கத்திலிருந்து தெற்கே நாகூர், நாகப்பட்டினம் போய், அங்கிருந்து திருவாரூர் சாலையில் திரும்பினால் வரும் ஊர் சிக்கல். படத்தில் சிவாஜி அந்த ஊர் நாகஸ்வர வித்வான் சிக்கல் சண்முகசுந்தரம். அவருக்குத் தவில்காரர் முத்துராக்கு, நம்ம பாலையா. கோயில் திருவிழாவில் மேளக் கச்சேரி கேட்டு வளர்ந்த டெல்டா ஜனங்களுக்கு முன்னால் தவில்காரராக உட்காருவது சாதாரண விஷயமில்லை. தவில் என்பதே நாகஸ்வரத்தைக் கேட்டுக் கேட்டு பதில் சொல்கிற வாத்தியம். பாலையா அங்கே சிவாஜியைக் கேட்டுக்கொண்டே வாசிக்கிறார். கோபக்கார வித்வானுக்குப் பக்கத்தில் குசும்பும் விசுவாசமும் கலந்த ஒரு பெரியவராக நிற்கிறார். அப்பா வேடம் இல்லை, ஆனாலும் அந்தக் குழுவுக்கே அவர்தான் அப்பா மாதிரி.

அப்போ, தீர்ப்பு என்ன?

இரண்டும் ஒன்று என்று சொல்கிறவர்கள் வெளித்தோற்றத்தைச் சரியாகத்தான் பார்க்கிறார்கள். வீடு, வசதி, அதட்டல், முழி எல்லாம் ஒன்றுதான். ஸ்ரீதருக்கும் ஓடிய குதிரையை மறுபடி ஓட விடுவதில் தயக்கம் இருந்திருக்காது. ஆனால் ஒரு கேரக்டரை அடையாளம் காட்டுவது சட்டையும் வீடும் இல்லை, அந்த ஆளுக்கு என்ன வேண்டும், எதைக் கண்டு பயம் என்பதுதான். அந்தக் கேள்வியைக் கேட்டால் விஸ்வநாதனும் வேதாசலமும் இரண்டு வேறு மனிதர்கள்.

பாலையா 1972 ஜூலையில் காலமானார். 58 வயது நிறைய ஒரு மாதம் பாக்கி. அவர் மகன் ஜூனியர் பாலையா ‘கரகாட்டக்காரன்’, ‘சாட்டை’ என்று நடித்து 2023 நவம்பர் வரை நம்மோடு இருந்தார்.

நேரம் கிடைத்தால் இந்த வார இறுதியில் இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் போடுங்கள். யார் பேசினாலும் பரவாயில்லை, நீங்கள் பாலையாவை மட்டும் பாருங்கள். பஞ்சாயத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.