ஓர் இரவுச் சிறை: ஹென்றி டேவிட் தோரோ

மக்கள் தம்மைத் தாமே ஆளும் நாட்டில் ஒரு குடிமகன் சட்டத்தை மறுக்கலாமா? அயலார் ஆட்சியில் அடிமைப்பட்டோர் சட்டத்தை மீறும்போது அதன் நியாயம் நமக்கு எளிதில் விளங்குகிறது. வாக்குரிமையும் சட்டமன்றமும் நீதிமன்றமும் உள்ள நாட்டிலோ அவ்வினா கடினமாகி விடுகிறது. அத்தகைய நாட்டில் பிறந்து, தம் வாழ்க்கையையே இவ்வினாவுக்கு விடையாக்க முயன்ற அமெரிக்கச் சிந்தனையாளர் ஹென்றி டேவிட் தோரோவைப் பற்றி ஈண்டுச் சிந்திப்போம்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்டு என்னும் சிற்றூரில் 1817ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் தோரோ பிறந்தார். தந்தையார் பென்சில் செய்யும் தொழிலினர். ஹார்வர்டு கல்லூரியில் பயின்று 1837இல் வெளிவந்த தோரோ, தம் ஊர்ப் பள்ளியிலேயே ஆசிரியப் பணி ஏற்றார். மாணவரை அடித்துத்தான் அடக்க வேண்டும் என்று பள்ளிக் குழுவினர் வற்புறுத்தினர். அவ்வாறே சிலரை அடித்துவிட்டு, அச்செயலைத் தம் மனம் ஏற்காமையால் அவ்வேலையையே துறந்தார். மறு ஆண்டு தம் தமையனாருடன் சேர்ந்து பிரம்பில்லாத பள்ளியொன்றை நடத்தினார். கட்டளை என்பதற்காக மட்டும் ஒரு தீமையைச் செய்யலாகாது என்னும் பாடத்தை, அக்கட்டளைக்கு ஒருமுறை பணிந்து பார்த்தே அவர் கற்றுக்கொண்டார் எனலாம்.

1845ஆம் ஆண்டு ஜூலை 4, அமெரிக்க விடுதலை நாளன்று, வால்டன் குளக்கரையில் தாமே கட்டிய குடிலில் அவர் குடியேறினார். நண்பர் எமர்சனுக்கு உரிய நிலம் அது. பத்தடி அகலமும் பதினைந்தடி நீளமும் கொண்ட அக்குடிலுக்கு ஆன செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட் என்று அவரே கணக்கு எழுதி வைத்தார். ஆண்டில் ஆறு வாரம் உழைத்தாலே தம் தேவைகள் நிறைவேறும் என்று கண்டறிந்தார். அவர் நம் நெறியைச் சார்ந்தவர் அல்லர். புலால் உணவை அறவே நீக்கியவரும் அல்லர். ஆயினும் மனித இனம் வளர வளர உயிர்களைத் தின்பதை விட்டொழிக்கும் என்று நம்பியவர். மிகுபொருள் விரும்பாமையை நாம் ஆன்ம நலனுக்குரிய விரதமாகப் போற்றுகிறோம். அவரோ அதில் ஓர் அரசியல் உண்மையையும் கண்டார். உடைமை பெருகியவன் அதைக் காக்கும் அரசுக்கு அஞ்சியே வாழ்வான்; இழப்பதற்கு ஒன்றுமில்லாதவனே மனச்சான்றின்படி நடக்கத் துணிவான் என்பது அவர் கருத்து.

அத்துணிவுக்குரிய சோதனை 1846ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வந்தது. செப்பனிடக் கொடுத்திருந்த காலணியைப் பெற ஊருக்குள் வந்த அவரை, வரி தண்டும் அலுவலராகவும் காவலராகவும் இருந்த சாம் ஸ்டேப்பிள்ஸ் சந்தித்துத் தலைவரி பாக்கியைக் கேட்டார். சில ஆண்டுகளாகவே தோரோ அவ்வரியைச் செலுத்தவில்லை. கையில் பணமில்லையென்றால் தாமே கட்டிவிடுவதாகவும் ஸ்டேப்பிள்ஸ் கூறிப் பார்த்தார். தோரோ இணங்காமல் சிறை சென்றார். அன்றிரவே உறவினர் ஒருவர் வரியைக் கட்டிவிட, மறுநாள் காலையில் விடுவிக்கப்பட்டார்.

வரி சிறிது, காரணம் பெரிது. அன்றைய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமை முறை நிலவியது. 1850ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அடிமைகள் ஏறத்தாழ 32 இலட்சம் பேர். 1846 மே மாதம் மெக்சிகோ நாட்டின்மீது அமெரிக்கா தொடுத்த போர், அடிமை முறையை மேலும் விரிவாக்கவே உதவும் என்று தோரோ கருதினார். சாலை வரியை அவர் மறுக்கவில்லை. அண்டை அயலார்க்குப் பயன்படுவது அது. தீமைக்குத் துணைபோகும் அரசுக்குத் தம் ஆதரவின் அடையாளமாகத் தலைவரி செலுத்துவதையே மறுத்தார்.

இதனை விளக்கி 1848இல் தம் ஊர் மன்றத்தில் உரையாற்றினார். மறு ஆண்டு அச்சேறிய அக்கட்டுரை, அவர் மறைவுக்குப்பின் 1866இல் வெளிவந்த தொகுப்பில்தான் சட்டமறுப்பு என்னும் தலைப்பைப் பெற்றது. பெரும்பான்மை என்பது எண்ணிக்கையின் வலிமையே அன்றி அறத்தின் சான்று அன்று. வாக்களித்ததோடு தன் கடமை முடிந்தது என்று எண்ணுவோன் அறத்தைப் பிறர் கையில் ஒப்படைத்தவன் ஆவான். பிறர்க்கு அநீதி இழைக்கும் கருவியாக ஒரு சட்டம் நம்மையே ஆக்குமாயின், அதற்கு உடன்படாமல் தண்டனையை ஏற்க வேண்டும். இவையே அதன் சாரம்.

இங்கு ஒரு தடை எழுகிறது. ஒவ்வொருவரும் தத்தம் மனத்தை அளவுகோலாகக் கொண்டு சட்டத்தை மறுத்தால் நாடு என்னாகும்? இத்தடை எளிதில் தள்ளத்தக்கது அன்று. நம் அரசியலமைப்பை வகுத்த டாக்டர் அம்பேத்கர், 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையில், அரசியலமைப்பு வழிகள் திறந்திருக்கும்போது சட்டமறுப்பு போன்ற முறைகளைக் கைவிட வேண்டும் என்றும், அவை ஒழுங்கின்மைக்கே வழிகோலும் என்றும் எச்சரித்தார். வழிகள் திறந்துள்ள இடத்தில் அவ்வெச்சரிக்கை முற்றிலும் சரியே. ஆனால் எவருக்குத் திறந்துள்ளன என்பதை நாம் நோக்க வேண்டும். தோரோவுக்கு வாக்குரிமை இருந்தது, அடிமைக்கு இல்லை. எவன்மீது அநீதி விழுகிறதோ, அவனுக்கு மன்றமும் இல்லை, முறையிடும் வாயும் இல்லை. 1850இல் இயற்றப்பட்ட சட்டம், தப்பி வந்த அடிமையைப் பிடித்துக் கொடுக்கும் பணியில் குடிமக்களையும் ஈடுபடுத்த இடமளித்தது. அச்சட்டத்தை மீறியே, 1851இல் தம் இல்லம் வந்த ஓர் அடிமையைக் கனடா நோக்கி வண்டியேற்றி அனுப்பினார் தோரோ. அன்று சட்டத்துக்குப் பணிந்தவர் தீமை செய்தவராகவும், மீறியவர் அறம் செய்தவராகவும் நின்றனர்.

தன்னலத்துக்காகச் சட்டத்தை மீறுவோனுக்கும் தோரோவுக்கும் உள்ள வேறுபாடும் இதனால் தெளிவாகும். வரி ஏய்ப்போன் கணக்கை மறைக்கிறான். தோரோ வெளிப்படையாக மறுத்தார். அவன் சிறைக்கு அஞ்சி ஓடுகிறான். இவர் கதவு திறந்தபோது உள்ளே நடந்தார். அவன் தனக்காகச் செய்கிறான். இவர் தாம் கண்டறியாத மனிதர்க்காகச் செய்தார்.

ஆயினும் அவர் வாழ்வில் நம்மால் ஏற்க இயலாத ஒன்றும் உண்டு. 1859இல் அடிமைகளை விடுவிக்கும் நோக்குடன் ஆயுதமேந்தி அரசின் படைக்கலச் சாலையைத் தாக்கிய ஜான் பிரவுனை அவர் வெளிப்படையாகப் போற்றிப் பேசினார். அநீதியைக் கண்டு கொதித்த உள்ளம், கொல்லாமையை எல்லையாகக் கொள்ளவில்லை. இதனை மறைத்து அவரைப் புகழ்வது மெய்ம்மைக்கு அழகன்று. 1862 மே 6ஆம் நாள், காசநோயால், 44ஆம் அகவையில் அவர் மறைந்தார். அடிமை முறை சட்டப்படி ஒழிந்த 1865ஆம் ஆண்டைக் காண அவருக்கு வாய்க்கவில்லை.

அவர்பால் குறைந்திருந்ததை நிறைவு செய்தவர் காந்தியடிகள். தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகப் போர் தொடங்கிய பின்னரே தோரோவின் கட்டுரை தமக்குக் கிடைத்ததாக அடிகள் தெளிவுபடுத்தியுள்ளார். 1907இல் தம் இந்தியன் ஒப்பீனியன் இதழில் அதன் பகுதிகளை வெளியிட்டார். அதற்கு முன்பே, ஜைனப் பெருந்தகை ஸ்ரீமத் ராஜசந்திரரின் தொடர்பால் அகிம்சை அவர் உள்ளத்தில் வேரூன்றியிருந்தது. தீமைக்கு உடன்படாமையும், தீமை செய்வோனுக்கும் தீங்கு எண்ணாமையும் அவரிடம் ஒன்றாயின. பின்னர் மாணவப் பருவத்தில் தோரோவைப் பயின்ற மார்ட்டின் லூதர் கிங், காந்திய வழியில் அதே அமெரிக்காவில் நிறவெறிச் சட்டங்களை மறுத்து 1963இல் பர்மிங்காம் நகரில் சிறை புகுந்தார். 1964இல் குடிசார் உரிமைகள் சட்டமும், 1965இல் வாக்குரிமைச் சட்டமும் இயற்றப்பட்டன. சட்டமறுப்பு அங்கே சட்டத்தை அழிக்கவில்லை, திருத்தியது.

சுதந்திர நாட்டில் சட்டத்தை மதிப்பது நம் கடமை. அதனை மறுக்க நேர்ந்தால், பிறர் துயர் நீங்கவே மறுக்க வேண்டும்; வெளிப்படையாக மறுத்துத் தண்டனையைத் தாமே ஏற்க வேண்டும்; எவ்வுயிர்க்கும் ஊறு நேராமல் மறுக்க வேண்டும். முதல் இரண்டையும் தோரோவிடம் கற்போம். மூன்றாவது நாம் முன்பே அறிந்தது. அதனை நடப்பில் கொள்வதே நம் பொறுப்பு.