அமெரிக்கா கொண்டாடியது, ஜப்பான் கோபித்தது!

1915-ம் ஆண்டு அமெரிக்காவில் "தி சீட்" என்ற ஊமைப் படம் வெளிவந்தது. அதில் ஒரு பணக்கார ஜப்பானிய வியாபாரி, தன்னிடம் பணம் வாங்கிய வெள்ளைக்காரப் பெண்ணின் தோளில் பழுக்கக் காய்ச்சிய முத்திரையால் சூடு வைக்கிறான். இப்படிப்பட்ட கொடியவனை யாருக்காவது பிடிக்குமா?

பிடித்தது! அந்த வில்லனைப் பார்க்கவே அமெரிக்கப் பெண்கள் கொட்டகைக்குப் படையெடுத்தார்கள்.

வில்லனாக நடித்தவர் பெயர் செஸ்யூ ஹயகாவா. 1886-ல் ஜப்பானில் சிபா பகுதியில் பிறந்தவர். மகன் கடற்படை அதிகாரியாக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. கடலில் மூழ்கியபோது மகனின் காதுச் சவ்வு கிழிந்தது. ஆசை பொய்த்தது. பிறகு அவர் அமெரிக்கா சென்றார். நாடகத்தில் நடித்தார். அங்கிருந்து சினிமாவுக்கு வந்தார். 1914-ல் ஜப்பானிய நடிகை த்சுரு அவோகியை மணந்தார்.

மாளிகையும் விருந்தும்

அமெரிக்க ரசிகர்கள் நட்சத்திரத்தின் குலம் கோத்திரம் கேட்பதில்லை. முகம் பிடித்தால் போதும். அவர் வீடு, கார், உடை எல்லாவற்றையும் பத்திரிகையில் படித்து மகிழ்வார்கள். ஹயகாவாவும் அதற்குக் குறை வைக்கவில்லை. ஹாலிவுட்டில் கோட்டை போன்ற மாளிகையில் வாழ்ந்தார். தடபுடலாக விருந்து வைத்தார். 1918-ல் சொந்தப் படக் கம்பெனியும் தொடங்கினார்.

ஆனால் ஒன்று. வெளியே அத்தனை ரசிகைகள் இருந்தும், திரையில் வெள்ளைக்காரக் கதாநாயகியின் கையைப் பிடிக்க அவருக்கு அனுமதி கிடையாது. படம் முடிவதற்குள் சாக வேண்டும். அல்லது விலகிப் போக வேண்டும்!

மானப் பிரச்னை

ஜப்பானில் புகழ் என்பது வேறு. கபுகி நாடக நடிகருக்குப் பெயரே பரம்பரைச் சொத்து. தந்தையின் பெயர் மகனுக்கு வரும். அதற்கு மாசு வரக் கூடாது. அயல்நாட்டில் பெயர் எடுத்தவனோ, நாட்டின் மானத்தையே சுமக்கிறவன். ஜப்பானியன் என்றால் கொடியவன் என்று உலகத்துக்குக் காட்டலாமா என்று ஜப்பானியர்கள் கொதித்தார்கள்.

அமெரிக்காவில் குடியேறிய ஜப்பானியருக்கோ அது வெறும் கௌரவச் சண்டை அல்ல, பிழைப்பு! கலிபோர்னியாவில் அவர்கள் விவசாய நிலம் வாங்குவதை 1913-ம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. எரிகிற வெறுப்பில் இந்தப் படம் எண்ணெய் ஊற்றும் என்று அஞ்சினார்கள். லாஸ் ஏஞ்சலஸ் நகர ஜப்பானியப் பத்திரிகை கண்டித்தது. ஹயகாவா வருத்தம் தெரிவித்தார்.

1918-ல் படம் மறுபடியும் வந்தபோது, வில்லனைப் பர்மாக்காரன் ஆக்கிவிட்டார்கள். பர்மாக்காரர்களை யார் கேட்டார்கள்?

1922-ல் அவர் தாய்நாடு சென்றார். வரவேற்க ஒரு கூட்டம். எதிர்க்க ஒரு கூட்டம். பிறகு பிரான்சில் நடித்தார். இரண்டாம் உலகப் போரின்போது பாரிஸ் நகரில் சிக்கிக்கொண்டு, ஓவியம் தீட்டி விற்றுப் பிழைத்தார்.

இலங்கையில் படப்பிடிப்பு

1957-ல் "தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்" அவரை மீண்டும் உச்சிக்கு உயர்த்தியது. இலங்கையில் கிதுல்கல என்ற இடத்தில் எடுத்த படம் அது. சயாம்–பர்மா ரெயில் பாதை போட்ட கதை. மலாயாவிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்ட பாதை அது. படத்தில் அவர்கள் இல்லை.

கைதி முகாம் தலைவர் சைட்டோவாக ஹயகாவா நடித்தார். மறுபடியும் கொடிய ஜப்பானியன் வேடம்! ஆனால் இந்த சைட்டோ, தோற்றபின் தனியாக உட்கார்ந்து அழுகிறான். அந்த நடிப்புக்காக ஆஸ்கார் பரிசுப் போட்டியில் அவர் பெயர் இடம் பெற்றது. பரிசு கிடைக்கவில்லை.

1961-ல் மனைவி இறந்தார். ஜப்பானில் ஜென் புத்த மதத்தில் ஈடுபட்டு வாழ்ந்த ஹயகாவா, 1973 நவம்பர் 23-ந் தேதி டோக்கியோவில் காலமானார்.